ஈரக்கோடு

ஓடையின் நடுப்பாறையில் பதித்திருந்த அளவுகோலைப் போன மழை பாறையோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. புதுசு இன்னும் வரவில்லை. ஆனாலும் தினமும் சாயந்திரம் கீழே அணைக்குப் போன் போட்டுத் தண்ணீர் மட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அது சூசையின் வேலை. அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அக்கரைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவன் மனைவி ஞானம்மா, குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கித்தான் வீடு திரும்புவாள். அவளை வாசலில் நிறுத்தி, சேலை எதுவரை நனைந்திருக்கிறது என்று டேப் வைத்து அளப்பான். துணி உறிஞ்சியதற்காக இரண்டு விரல் கழித்துக்கொள்வான். காய்வதற்குள் வந்து சேர வேண்டுமே என்று அவளும் எட்டி நடை போடுவாள்.

ஆடி பிறந்ததும் ஈரக்கோடு முழங்காலிலிருந்து தொடைக்கும், அங்கிருந்து இடுப்புக்கும் ஏறியது. கணக்கு துல்லியமாக இருப்பதாக அணையிலிருந்து பாராட்டினார்கள். சூசைக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று கோடு அவள் தோளில் நின்றது. பற்கள் கிடுகிடுக்க நின்றவளைச் சுற்றி வந்து அளந்து, "நாலரை அடி சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

"சரியா அளந்தீங்களா?" என்று கேட்டாள் ஞானம்மா.

"இம்மி பிசகாது."

"அப்ப நாளைக்கு நீங்க எறங்குங்க. நான் இங்க நின்னு அளக்குறேன்."

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த சூசை அவளை அண்ணாந்து பார்த்தான். எப்போதும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவன் உச்சந்தலை அவள் தோளுக்குத்தான் வரும்.