உச்சி பார்த்த கம்பு

மலையடிவாரக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் அந்த மூங்கில் கம்பு நூறு தடவை மலையேறியிருக்கிறது. ஒரு தடவைகூட உச்சியைப் பார்த்ததில்லை. கடைசிப் பாறையில் தொற்றி ஏற இரண்டு கையும் வேண்டும் என்பதால், எல்லாரும் கம்பைக் கீழே சாத்திவிட்டுத்தான் ஏறுவார்கள்.

அன்று அதை ஊன்றி வந்தவள் பூங்கோதை. அவள் முதுகுப்பைக்குள் ஒரு மடக்குக்குடை இருந்தது.

“நான் அஞ்சு தடவை உச்சிக்குப் போயிருக்கேன். நீ பாதி வழிதான்,” என்றது குடை.

சேற்றில் அவள் விழாமல் பார்த்துக்கொள்ளவே கம்புக்கு நேரம் சரியாக இருந்தது.

கடைசிப் பாறையில் வழக்கம்போலக் கம்பைச் சாத்திவிட்டுப் பூங்கோதை ஏறிவிட்டாள். பின்னால் வந்த தங்கை அமுதினி பாறையில் கை வைப்பதற்குள், அடித்துக்கொண்டிருந்த வெயில் போய் மழை கொட்டியது. பாறை வழுக்கியது.

“அக்கா, என்னால முடியல. நீ மட்டும் பார்த்துட்டு வா.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு என்னடி பேச்சு? அந்தக் கம்பை நீட்டு!”

மேலே அக்கா, கீழே தங்கை, நடுவில் கம்பு. மூங்கில் நெறுநெறுவென்றது, ஆனால் முறியவில்லை. அமுதினி உச்சியில் வந்து விழுந்தாள், கையில் கம்போடு.

மழை விட்டது. மேகம் விலகியது. பூங்கோதை கம்பைப் பாறை இடுக்கில் செருகி, ஈரத் துப்பட்டாவைக் கொடியாகக் கட்டினாள். இப்போது மலையைவிடக் கம்பு ஓர் ஆள் உயரம் அதிகம்!

உச்சிக் காற்றுக்குப் பயந்து யாரும் வெளியே எடுக்காத குடை, பைக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது:

“அண்ணே, அங்கேருந்து பார்த்தா என்னதான் தெரியும்?”