டார்ச்சை நேரா பிடி

"இந்தப் பொண்ணை ஹாஸ்டல்ல சேர்த்தாத்தான் உருப்படும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா இதைச் சொன்னது அந்தப் பொண்ணுகிட்டயேதான். எட்டாங்கிளாஸ் படிக்கிறா. வீட்டுல அவ பேரு டமால்.

டமால் திரும்பினா. அம்மா கைக்கெட்டுற தூரத்துலதான் நின்னுக்கிட்டிருந்தா.

"அம்மா, என்னை ஹாஸ்டல்ல சேர்த்தாத்தான் உருப்படுவேனாம்."

"தாராளமா சேர்க்கச் சொல்லு. அதுக்கு முன்னாடி, இந்தத் தண்ணியில நான் நீந்திப் போய்த்தான் சமைக்கணுமான்னு உங்கப்பாவைக் கேளு."

வாஷிங் மெஷின் வீடு முழுக்கத் தண்ணியைக் கக்கியிருந்தது. முதல்ல காலிங் பெல் ஊமையாச்சு. அப்புறம் டோஸ்டர் படுத்துது. அயர்ன் பாக்ஸ் ஜில்லுன்னு கிடந்துது. இப்ப இது. பழி மொத்தமும் டமால் தலையில.

அம்மா அப்பா ரெண்டு பேரும் நேரா பேசிக்கிறது நின்னு ரொம்ப நாளாச்சு. காரணம் பெருசா ஒண்ணும் இல்ல. முடி வெட்டிக்கிட்டு ஆசையா வந்து "எப்படி இருக்கு?"ன்னு அம்மா கேட்டா. "லிஃப்ட் கதவு மாதிரி நேரா இருக்கு"ன்னார் அவர். அவர் தொழில்ல அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிற அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். சாப்பாடு ரெடின்னாலும் டமால் வழியா. உப்பு கம்மின்னாலும் டமால் வழியா.

லிஃப்ட்காரர் தரையில மல்லாந்து மெஷினுக்கு அடியில தலையை விட்டார்.

"டமால், உங்கம்மாவை டார்ச் பிடிக்கச் சொல்... ஐயோ, மூஞ்சியில தண்ணி! ஏய், சீக்கிரம் பிடி!"

"பிடிச்சேன், பிடிச்சேன்! எங்க?"

"இடது பக்கம். உன் இடது இல்ல, என் இடது."

"படுத்துக்கிட்டிருக்கிறவருக்கு இடது எது, வலது எதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"டார்ச்சை நேரா பிடி! லிஃப்ட்டுல எலி மாட்டின மாதிரி ஆட்டுறியே!"

அம்மா களுக்குன்னு சிரிச்சுட்டா. அவருக்கும் சிரிப்பு வந்து, நிமிர்ந்து, மெஷின்ல நெத்தியை இடிச்சுக்கிட்டார். அதுக்கும் ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

டமால் கதவோரமா உட்கார்ந்து, சினிமா பார்க்கிற மாதிரி பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தா.

வடிகுழாயிலேர்ந்து ஒரு சாக்ஸ் வந்தது. இறுக்கி முடிச்சுப் போட்ட சாக்ஸ். மெஷின் ஓட ஆரம்பிச்சதும் அம்மா டார்ச்சை அணைச்சா.

"டமால், கையைக் கழுவிட்டு வரச் சொல்லு உங்கப்பாவை."

லிஃப்ட்காரர் ஈர சாக்ஸோட மகள் ரூமுக்குப் போனார்.

"சாக்ஸ் தானா முடிச்சுப் போட்டுக்குமா? ஏண்டி இப்படிப் பண்ணே?"

டமால் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "ஏதாவது ரிப்பேர் ஆனாத்தான் நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கிறீங்கப்பா. மத்த நேரம் நான்தான் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நடுவுல ஓடறேன். புத்தகத்தைத் திறந்தாலும் யார் எப்பக் கூப்பிடுவாங்கன்னே காது போகுது. ராத்திரி தூக்கம் வரல."

அவர் ஈர சாக்ஸோட முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்.

"மெஷின் நான்தான். டோஸ்டரும் நான்தான். அயர்ன் பாக்ஸும் காலிங் பெல்லும் சத்தியமா நான் இல்லப்பா."

"பெல்லை விடு, அது பழசு," ன்னு அவசரமா இருமினார் லிஃப்ட்காரர். "அயர்ன் பாக்ஸ் உன் வேலை இல்லன்னு என்னை நம்பச் சொல்றியா?"

"போங்கப்பா. உண்மையைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறீங்க." அவ கண்ணு கலங்கிப்போச்சு. "ஹாஸ்டலுக்கு வேணா போறேன். ஆனா நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் யார் வழியா பேசுவீங்க?"

அந்த வாரக் கடைசியில டமால் ஸ்கூல் டூர் போயிட்டா. வீட்டுல ரெண்டே பேர். நடுவுல ஆள் இல்ல.

லிஃப்ட்காரர் பேப்பர் படிச்சார். படிச்ச பக்கத்தையே மறுபடி படிச்சார். அம்மா துடைச்ச மேஜையையே துடைச்சா. அவர் ரெண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

அவர் குளிச்சுட்டு வந்து பார்த்தா, ஃபேன் நின்னுபோயிருந்தது.

"ஃபேன் ஓடல," ன்னா அம்மா, சுவரைப் பார்த்து.

அவர் மெயினை அணைச்சுட்டு, நாற்காலி போட்டு ஏறி ஸ்விட்ச் போர்டைக் கழட்டினார். அம்மா ஏற்கெனவே டார்ச்சோட தயாரா நின்னா. போர்டுக்குள்ள ஒரு ஒயர் பதவிசா கழண்டு தொங்கிச்சு. அதுக்குக் கீழ, சுண்டுவிரல் நீளத்துல ஒரு ஸ்க்ரூடிரைவர். மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்குறது.

அவர் அதை எடுத்து வெளிச்சத்துல காட்டினார்.

"டமால் ஊர்லயே இல்லையே."

அம்மா மூஞ்சி சிவந்துபோச்சு. "அயர்ன் பாக்ஸும் நான்தாங்க. பேசறதுக்கு வேற வழி தெரியல. பழியை அவ மேல போட்டுட்டு, வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

"அடிப்பாவி! பெத்த பொண்ணு மேல பழி போடலாமா?"

"தப்புதாங்க." கொஞ்சம் யோசிச்சா. "அப்ப காலிங் பெல்?"

லிஃப்ட்காரர் போர்டுக்குள்ள ரொம்ப மும்முரமா எதையோ தேடினார்.

டார்ச் வெளிச்சம் ஒயரை விட்டுட்டு மெதுவா மேலே ஏறி, அவர் மூஞ்சியில வந்து நின்னுது.

"கண்ணு கூசுது. டார்ச்சை நேரா பிடி."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். இப்பச் சொல்லுங்க, ஹாஸ்டல்ல யாரைச் சேர்க்கிறது?"