கடைசி சைக்கிள்

"சார், நீங்க எனக்கு நேர் பின்னாடி வாங்க. மேடம், நீங்க கடைசியில வந்துடுங்க," என்றான் வழிகாட்டி.

ஹெட்கிளார்க் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டிக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று பார்வையாலேயே சொல்லியாயிற்று.

அவருடைய அலுவலகத்தில் மேனேஜர் அறையை ஒட்டிய நாற்காலிக்கு வந்து சேர அவருக்கு இருபத்திரண்டு வருஷம் பிடித்தது. கழிப்பறைப் பக்கத்துக் கடைசி மேஜை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு. யாரை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதை வைத்தே மனுஷர் ஆளை எடை போட்டுவிடுவார்.

வாடகைச் சைக்கிள் கொட்டகையின் முற்றத்தில் ஏழு பேரையும் ஆளுக்கு ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் வழிகாட்டி வரிசை பிரித்திருந்தான். எல்லாம் பேட்டரி சைக்கிள். மிதித்த மாத்திரத்தில் மோட்டார் பிடித்துத் தள்ளியது. ஹெட்கிளார்க் இரண்டு முறை காலை ஊன்ற வேண்டியதாயிற்று. புது வண்டி என்றால் அப்படித்தான். மனைவி சுற்றி வந்ததை அவர் பார்க்கவில்லை. அப்போது கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவர்கள் வீடு துறைமுகத்தை ஒட்டிய சமதளத்தில். மேட்டுத் தெருக்களுக்குப் போய் வீடு வீடாக ரத்தம் எடுத்து வரும் வேலைக்கு ஒரு பரிசோதனைக்கூடம் மனைவியைக் கூப்பிட்டிருந்தது. சொந்த வண்டி வேண்டும். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே ஸ்கூட்டர். அதன் சாவி, வாங்கிய நாளிலிருந்து அவருடைய சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஓட்டினவதானே நான்," என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது வேற. இங்க ஏத்தமும் எறக்கமுமா இருக்கு. விழுந்து கையைக் காலை ஒடச்சுக்கிட்டா யாரு பார்க்கிறது?"

அவருக்கு நிஜமாகவே பயம்தான். ஆனால் பயத்தை அதிகாரமாகச் சொல்லியே பழகிவிட்டது.

அலுவலகக் குலுக்கலில் இந்த மலைச் சுற்றுக்கு இரண்டு சீட்டு விழுந்ததும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "தினம் எத்தனையோ பேரைப் பார்க்கிறவன் அந்த வழிகாட்டி. உன் ஓட்டத்தைப் பத்தி அவன் என்ன சொல்றானோ அதுதான் முடிவு. சரியா?"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் என்னைக்கு மாறியிருக்கேன்?"

கிளம்பினார்கள். மீன் ஏலக்கூடத்தைத் தாண்டியதும் தெரு நிமிர்ந்துகொண்டது. நடந்து போகிறவர்கள் பிடித்துக்கொள்ளச் சுவரோரம் இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். வழிகாட்டி நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பி ஹெட்கிளார்க்கைத்தான் பார்த்தான்.

"சார், மோட்டாரை ரெண்டுல வைங்க. முதல்ல பின் பிரேக்கைப் பிடிங்க. வளைவுல என் சக்கரத்தையே பார்த்து வாங்க."

வேறு யாருக்கும் சொல்லாத நுணுக்கங்களைத் தனக்கு மட்டும் சொல்கிறானே என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பாதி மேட்டில், பின்னால் வந்தவர்களில் ஒருவரான பல் டாக்டரின் சைக்கிளில் சங்கிலி கழன்றுவிட்டது. டாக்டர் கத்தினார். வழிகாட்டி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். பின்தங்குகிறவர்களுக்காகக் காத்திருந்தால் தொழில் நடக்காது என்று ஹெட்கிளார்க் நினைத்துக்கொண்டார். அலுவலகத்திலும் அதே கதைதான்.

உச்சியில் கலங்கரை விளக்கத்தடியில் வந்து நின்றார்கள். கீழே துறைமுகத்துக் கிரேன்கள் தீக்குச்சி உயரத்துக்குத் தெரிந்தன. ஐந்து நிமிஷம் கழித்து டாக்டரும், அவருக்குப் பின்னால் ஹெட்கிளார்க்கின் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். அவள் விரலெல்லாம் கறுப்பு மசகு.

"கடைசியில விட்டது பத்தாதுன்னு லேட் வேற," என்றார் ஹெட்கிளார்க்.

"ஆமாங்க, கொஞ்சம் லேட்டாயிடுச்சு." அவள் கையைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

இறக்கத்தில் வழிகாட்டி இன்னும் நெருங்கி வந்தான். ஹெட்கிளார்க் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாகப் போனான், நின்றால் நின்றான். மொத்த வரிசையும் தன் வேகத்துக்குத்தான் நகர்கிறது என்பதை அவர் கவனிக்காமல் இல்லை. மனைவியிடம் சொல்ல இன்னும் ஒன்று கிடைத்தது.

கொட்டகைக்கு வந்ததும் மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வழிகாட்டியைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு சந்தேகம். என்னை எதுக்கு உங்களுக்கு நேர் பின்னாடி வச்சீங்க, இவளை எதுக்குக் கடைசியில விட்டீங்க? இவ காதுபடச் சொல்லிடுங்க."

வழிகாட்டி நெளிந்தான். "அதெல்லாம் எதுக்கு சார். எல்லாரும் நல்லபடியா வந்து சேர்ந்தாச்சு."

"பரவாயில்லை, சொல்லுங்க. ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டோம்."

"யாரு விழுந்துடுவாங்களோன்னு பயமா இருக்கோ, அவங்களை என் பக்கத்துலயே வச்சுப்பேன் சார்," என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. "கடைசி ஆளை என்னால கவனிக்க முடியாது. வழியில யாராவது நின்னாலும் அவங்கதான் பார்த்துக் கூட்டிட்டு வரணும். அதனால, கூட்டத்துலயே யாரு நல்லா ஓட்டுறாங்களோ அவங்களைத்தான் அங்க விடுவேன்."

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஹெட்கிளார்க் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவள் வண்டியைக் கிளப்பும்வரை காத்திருந்து, பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.