பிரேக் இல்லாத ஸ்டேரிங்

"காத்தாலேர்ந்து ஆறு தபா செத்துட்டேன் மே. ஏழாவது தபா உன்னையும் ஏத்திகினு மீனம்பாக்கத்துல எறக்கறேன் பாரு, சொம்புல வெச்ச தண்ணி தளும்பாது" என்றார் சிங்காரம்.

அவர் மனைவி சம்பூர்ணம் நம்பவில்லை. புதுப்பட்டினத்தில் காக்காய்கூட நம்பியிருக்காது.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்குமாக முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் சிங்காரம். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அடித்தார் என்று எந்தக் கோழியாவது சொன்னால், அது பொய் சொல்லும் கோழி.

அப்பேர்ப்பட்டவருக்கு விமானம் என்றாலே பயம்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு இரண்டு டிக்கெட். மகள் தேவிப்பிரியாவுக்கு அங்கே தலைப்பிரசவம். இந்த மாதத்தில் நீ விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். இவர்கள்தான் ஏறியாக வேண்டும்.

பயத்தைப் பழக்கிவிடலாம் என்றுதான் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட ஆரம்பித்தார். கீபோர்டைத் தட்டி ஓட்டியதில் பயமே வரவில்லை. வராத பயத்தை எப்படிப் பழக்குவது?

அதனால் கம்ப்யூட்டர் கடை ஸ்டான்லி, நிஜ விமானத்தில் இருப்பது போன்ற ஸ்டேரிங் இரண்டைக் கொடுத்தனுப்பியிருந்தான். ஓட்டிப் பார்த்து, பொழுது சாய்வதற்குள் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும்.

முதலாவது பிளாஸ்டிக். சோப்பு டப்பா கனம். ஆறு சாவும் அதில்தான்.

ஆறு தடவையும் ஒரே கதை. திரையில் கடல் நெருங்கியதும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். கைகள் விறைத்து ஸ்டேரிங்கை முன்னால் தள்ளும். பஸ்ஸில் என்றால் வண்டி நின்றிருக்கும். விமானத்திலோ, தள்ளினால் மூக்கு கீழே போகும்.

மீன்கொத்தி மாதிரி போய்க் குத்தியது. கடற்கரைக் கோயிலுக்கு நேரே ஆறு விமானம் முழுகிக் கிடக்கிறது. இன்றைக்கு வலை போட்டால் றெக்கை சிக்கும்.

"அந்தரத்துல இன்னாத்துக்குயா பிரேக்கு? எறங்கி டீ குடிக்கப் போறியா?"

"காலு கேக்க மாட்டேங்குது மே."

"நீ வெள்ளிக்கிழம ஏற மாட்ட. எய்தி வெச்சிக்கோ."

இரண்டாவது இரும்பு. திருகி மாட்டியதும் மேசை முனகியது. சம்பூர்ணத்தைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக் கிளப்பினார்.

மேகத்துக்குள் நுழைந்ததும் ஸ்டேரிங் கைக்குள் துடித்தது. வலையில் விழுந்த சுறா அப்படித் துடிக்கும். வராத பயம் வந்துவிட்டது.

மேகம் விலகியது. கீழே கடல்.

கால் தரையை மிதித்தது. கைகள் விறைத்தன. தள்ளினார்.

ஸ்டேரிங் போகவில்லை. அவரைத் திருப்பித் தள்ளியது, எண்பது பேர் ஏறிய பஸ் மேட்டில் பின்னால் உருண்டு, முட்டுக் கொடுக்கும் ஒற்றை ஆளைத் தள்ளுவது போல. அவர் நெஞ்சு அடித்த அடியில் மாமல்லபுரத்துச் சிற்பிகள் உளியை நிறுத்திவிட்டு, யாரடா அது என்று திரும்பியிருப்பார்கள்.

தெம்பு தீர்ந்து பிடி தளர்ந்தது.

தளர்ந்த நொடியில் விமானம் தானாக மூக்கைத் தூக்கியது. கடல் பின்னால் நழுவியது. ஊர், ரோடு, ஓடுபாதை. டயர் உரசும் சத்தம். மெல்ல, மெல்ல, நின்றது.

செத்தோமா இல்லையா என்று பார்க்க, ஒருமுறை மூச்சு விட்டுப் பார்த்தார். வந்தது.

"இந்த இரும்புதான் நம்ம கிட்ட இருக்கும். எறங்கிச்சா இல்லியா, நீயே சொல்லு!"

திரும்பினார்.

அவருடைய சட்டைக் கை சம்பூர்ணத்தின் முஷ்டிக்குள் இருந்தது. தோள் தையல் பிரிந்திருந்தது. அவள் உதடு வெளுத்திருந்தது.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. மடியிலிருந்த போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"தேவி, உங்கப்பா பயப்படறாரு, நாங்க வரலன்னு நேத்து சொன்னேன்ல... அவுரு இல்லடி. எனக்குத்தான் பயம்."

சிங்காரம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீ டிக்கெட்ட கேன்சல் பண்ணாத. ஒத்தக் கண்ணால பாத்துகினுதான் இருந்தேன். எறக்கிட்டாருடி."