பெயர் கேட்ட பெட்டி

ஓய்வு பெற்றதும் சூசைராஜுக்குப் இளவயதுக் கம்ப்யூட்டர் பைத்தியம் மறுபடி பிடித்துக்கொண்டது; பழைய கம்ப்யூட்டர்களாக வாங்கிச் சேர்த்தார். மஞ்சளேறிப்போன ஒன்பதாவது குப்பையை டிவியில் மாட்டி, காலையிலிருந்து ஒரு புரோகிராமை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மனைவி பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரன் எடுத்த மனுஷன் செய்கிற வேலையா இது?

சாயங்காலம் அது அவர் பெயரைக் கேட்டது. அடித்தார். திரையில் 'ஹலோ சூசைராஜ்' என்று வந்ததும் துள்ளிக் குதித்தார்.

"இந்தா, இங்க வா! என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது பாரு!"

முப்பத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் அவளுக்கு 'இந்தா' என்றுதான் பெயர்.

"இதுக்கா சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்திருந்தீங்க? தூ!"

"உன் பேரையும் கூப்பிட வைக்கவா?"

மீன் செதில் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தபடி, அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"வைங்க. அதாச்சும் கூப்பிடட்டும்."