வீட்டை விட்டுப் போனவளின் இரண்டு கதைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகசாலையில் நான்கு பேர் இருக்கிறார்கள்: ஜெர்மன் யுத்தத்துக்குப் போய்வந்த சுபேதார் ஜெபதுரை, அவருடைய இளைய மகள் தேவகிருபை, போதகர், புத்தகம் எடுத்துக் கொடுக்கும் மலைச்சாமி. சாய்ந்த வெயில் மேசைமேல் இருக்கும் இரண்டு நாவல்களில் விழுகிறது. “ரெண்டுலயும் மகள் வீட்டை விட்டுப் போயிருதா. இதைத் தகப்பன் சொல்லுதாரு, அதை அவளே சொல்லுதா,” என்கிறாள் தேவகிருபை. ஜெபதுரையின் மூத்த மகள் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம். வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது. “வேற புஸ்தகம் எடுப்பமா தாயி?” என்று முணுமுணுக்கிறார் மலைச்சாமி. “தகப்பன் சொல்லுததுல அவ எங்க இருக்கான்னு வருதா?” என்று கேட்கிறார் ஜெபதுரை. “இல்லப்பா. அவருக்குத் தெரியாதுல்ல.” “மத்ததுல?” “வருதுப்பா.” முதுகு வளையாமல், “அதை வாசி,” என்கிறார். சுபேதார் கோபித்து எழுந்து போய்விட்டார் என்று பக்கத்து ஊரான இராஜபாளையத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். விளக்கேற்றும்வரை அவர் உட்கார்ந்து கேட்டார்.