ஓட்டுரிமை

ஆகஸ்டு பதினொன்றாம் நாள்; மதியம் முதலே மழை தூறிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு மக்களாட்சி குறித்து உரையாற்ற வேண்டிய பேராசிரியர், நகரப் பேருந்தின் முன்னிருக்கையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

சந்திப்பு ஒன்றில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இடது பக்கமா, நேராவா? உங்க வண்டி, நீங்களே சொல்லுங்க."

பயணிகள் ஆளுக்கொரு பக்கம் கத்தினர். பேராசிரியரே எழுந்து, கைதூக்கச் சொல்லி எண்ணினார். இடது வென்றது, வண்டிக்குள் ஒரே கைதட்டல். அடுத்த சந்திப்பிலும் அதே கேள்வி, அதே வாக்கெடுப்பு.

"ஒருத்தர் முடிவு பண்ணி ஓட்டினாத்தானே வண்டி போய்ச் சேரும்?" என்று முணுமுணுத்தார் கூடையோடு அமர்ந்திருந்த அம்மாள்.

"அது சர்வாதிகாரம்மா. அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை கேட்டா, பிரதிநிதித்துவம். திருப்பத்துக்குத் திருப்பம் கேக்குறாரு பாருங்க, இதுதான் பங்கேற்பு மக்களாட்சி," என்றார் பேராசிரியர்.

"எனக்கு எந்த ஆட்சியும் வேணாம் சார். ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தாப் போதும்."

அது அவர் காதில் ஏறவில்லை. ஆயுள் முழுவதும் கரும்பலகையில் எழுதியது கண்முன்னே நடந்துகொண்டிருக்கையில், கூட்டத்திற்குத் தாமதமாவதுகூட அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

மண்டபத்தருகே இறங்கும்போது ஓட்டுநரின் கையைப் பற்றிக்கொண்டார்.

"எல்லாரையும் கேட்டு ஓட்டணும்னு எப்படித் தம்பி தோணுச்சு?"

ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்குத்தான் சார் இந்த ரூட்ல போட்டாங்க. எனக்கு வழி தெரியாது. அதைச் சொல்லியிருந்தா எல்லாரும் திட்டியிருப்பாங்க. ஓட்டுப் போடச் சொன்னேன், கைதட்டுறாங்க."

பேராசிரியர் மண்டபத்தினுள் நுழைந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தனர். மணி சரியாக ஆறு இருபது.